தோற்றவன் பக்கத்துப் பாட்டு

2025 ஜூலையில் மராட்டியர் காலத்துப் படைத்தளங்கள் என்ற வகையில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது நம் செஞ்சி. அதையொட்டி வந்த கட்டுரைகளும் படங்களும் பெரும்பாலும் கல்லைத்தான் கொண்டாடின: ராஜகிரியின் செங்குத்து, கல்யாண மகாலின் அடுக்குகள், நெற்களஞ்சியத்தின் கனத்த சுவர், கிருஷ்ணகிரியின் உச்சி மண்டபம். கொண்டாட வேண்டியவைதான். ஆனால் படை குடியிருந்த இடம் ஊமையாக இருந்திருக்காது. பொழுது விடிந்ததைச் சொல்ல, கதவு சாத்த, அணிவகுக்க, ஏவ, திரும்பக் கூப்பிட, செத்தவனை அனுப்பிவைக்க என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை இருந்திருக்கும். அந்த ஓசை எங்கே போயிற்று? கோட்டைக்குள் அடித்ததும் ஊதியதும் படையோடு போய்விட்டன. செஞ்சியின் படைப்பாட்டு இன்று இருப்பது கோட்டைக்கு வெளியே, திரௌபதியம்மன் கோயில் திடல்களில், கூத்து வாத்தியாரின் தொண்டையில். அவரை நாட்டுப்புறக் கலைஞர் என்ற பொதுப் பெயருக்குள் அடைத்துவிடுகிறோம். போரைப் பாடுகிறவர் என்று வைத்துப் பார்த்தால்தான் அவருடைய கலையின் நுட்பம் புலப்படும் என்பது என் கட்சி. பாடுவது, பழக்குவது, ஊரோடு நிற்பது என்ற மூன்றும் அவருக்கு ஒரே தொழில். இந்தியப் பேண்டுகளின் வரலாற்றில் மிகச் சிலருக்கே அது வாய்த்தது.

இந்த மலைக்கு வந்துபோன படைகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். நாயக்கர்களிடமிருந்து 1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்தபோது 1690 தொடங்கி 1698 வரை சுல்பிகார்கான் முற்றுகையிட்டு, கடைசியில் முகலாயக் கொடியை ஏற்றினார். 1714-ல் ஆர்க்காட்டு நவாபு வந்தார். 1750-ல் ஒரே இரவில் புஸ்ஸியின் பிரெஞ்சுக்காரர்கள் ஏறிவிட்டார்கள். 1761-ல் ஆங்கிலேயர். முகலாயப் படையோடு நகராவும் எக்காளமும் வந்தன, ஐரோப்பியக் கம்பெனிகளோடு தோல்முரசும் சிறு குழலும் வந்தன. நூறு வருடத்துக்கு மேல் இத்தனை வகை ராணுவ வாத்தியம் ஒரே பள்ளத்தாக்கில் ஒலித்திருக்கிறது. அதில் ஒரு மெட்டையாவது செஞ்சிக்காரர்கள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டதற்குத் தடயம் இல்லை. படையின் வாத்தியம் சிப்பாயின் காலுக்கும் காதுக்கும் இடும் கட்டளை. சம்பளப் பட்டியல் இடம்பெயர்ந்தால் வாத்தியமும் கூடவே இடம்பெயரும். கேட்டுக்கொண்டிருந்த குடியானவனுக்கு அது வரி வாங்க வருகிறவனின் சத்தம். அதை அவன் ஏன் முணுமுணுக்க வேண்டும்?

படைவீட்டு மெட்டு வெளியே வந்து நிலைத்ததே இல்லையா என்று கேட்டால், உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாசித்த மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு அவர் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதியவைதாம் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டே சியாமளையை வாழ்த்தும் பாட்டாயிற்று. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி தம் அரண்மனைக்கென்றே மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். இரண்டு இடத்திலும் படை மெட்டைப் பிழைக்க வைத்தவர் படையில் இல்லாதவர். நோட்டுஸ்வரம் இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமாக இருக்கிறது. பாடத்துக்குள் வந்ததால்தான் அது பிழைத்தது.

படைக்குள் இருந்துகொண்டே அந்த எல்லையைத் தாண்டியவர் ராம்சிங் டாகுரி. தர்மசாலாவில் 1914-ல் பிறந்த கூர்க்கா. சிறுவனாகவே படையில் சேர்ந்து பேண்டு இசை கற்றார். ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். பாடவும் வயலின் வாசிக்கவும் மெட்டமைக்கவும் வல்லவர். 'கதம் கதம் படாயே ஜா' என்ற அணிநடைப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் அவர்தான். மலேயா தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ரப்பர்க் காட்டுத் தொழிலாளி, இந்தி தெரியாதவர், அந்த மெட்டில் நடந்தார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் வாசித்த பிறகு டாகுரி ஓய்ந்துவிடவில்லை. உத்தரப்பிரதேச ஆயுதக் காவல்படையின் பேண்டை நடத்தினார், இளைஞர்களைப் பழக்கினார், 2002-ல் லக்னோவில் காலமானார். அவருடைய படை போரில் தோற்றது. பாட்டு தோற்கவில்லை, வென்ற ராணுவத்தின் வாரிசான இந்திய ராணுவமே இன்று அந்த மெட்டுக்கு நடக்கிறது. படைப்பாட்டை நிலைக்க வைப்பது வெற்றி என்ற பொதுவான நம்பிக்கை இந்த ஓர் உதாரணத்திலேயே ஆட்டம் காண்கிறது. செஞ்சியில் அது முழுக்கவே தலைகீழாகக் கிடக்கிறது.

இங்கே நிலைத்த பாட்டு தேசிங்குராஜன் கதை. தமிழில் தேசிங்கு ஆகிவிட்ட தேஜ்சிங் என்ற புந்தேலா ராஜபுத்திர இளைஞன், தகப்பன் சரூப்சிங் இறந்ததும் 1714-ல் கோட்டைக்கு வந்தான். முகலாயப் பாதுஷா தன் தகப்பனுக்குக் கொடுத்த உரிமைப் பத்திரம் தனக்கும் செல்லும் என்றான். ஆர்க்காட்டின் சாதத்துல்லாகான் அதை ஒப்பவில்லை, நிலுவைப் பணத்தைக் கேட்டார். அந்த அக்டோபர் மூன்றாம் தேதி, சில நூறு குதிரைவீரர்களோடு பெரும்படையை எதிர்த்துப் போய் தேஜ்சிங் செத்தான். அப்போது வயது இருபதைத் தாண்டிச் சில வருடங்கள். ஆட்சி செய்தது ஒரு வருடம்கூட இல்லை. கோட்டைக்காக நடந்த சண்டைகளில் இது மிகச் சிறியது. சுல்பிகார்கானின் எட்டு வருட முற்றுகையோடு வைத்துப் பார்த்தால் ஒரு பகல்பொழுது சங்கதி. ஆனாலும் ராஜாராமைப் பற்றி இங்கே பாட்டில்லை, புஸ்ஸியைப் பற்றியும் இல்லை, தேசிங்கைப் பற்றி இருக்கிறது. அவன் தமிழன் இல்லை, அவன் மொழியும் இந்த ஊர் மொழியில்லை. அவனுக்காக முதலில் செத்தவன் மாபத்துகான் என்ற முஸ்லிம் நண்பன். கல்யாணப் பந்தலிலிருந்து அந்த நண்பன் எழுந்து வந்தான் என்கிறது கதை. புறப்படுமுன் தேசிங்கு சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டதாகவும், வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொல்கிறது. சிங்கவரத்துக் குடைவரையில் முகம் திருப்பிக் கிடக்கும் பெருமாளை இன்றும் அந்தக் கதையோடுதான் காட்டுகிறார்கள். பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைகளில் விற்று, நாடகமாகி, 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமுமாகி, முந்நூறு வருடமாக இந்தக் கதை ஓடுகிறது.

வரலாற்றாசிரியர் இங்கே குறுக்கிடுவார், குறுக்கிட வேண்டும். சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-ல் எழுதிய செஞ்சி வரலாற்றைப் படித்தவருக்கு, நடந்தது அடிப்படையில் வருவாய் நிலுவைத் தகராறு என்று தெரியும். அதைத் தர்மயுத்தமாக்கிவிட்டது பாட்டு, பையனின் பிடிவாதத்தை வீரமாக்கிவிட்டது, எனவே அது படைப்பெருமையை ஊதிவிடும் வேலையைத்தானே செய்கிறது என்று அவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பாட்டு எதை மறைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். படை சிறியது என்று அது சொல்கிறது. ஆறு பெருகி ஓடியது, எல்லோரும் தடுத்தார்கள், தெய்வமே தடுத்தது என்று சொல்கிறது. புதுமணப்பெண் விதவையானதைச் சொல்கிறது. போகாதே என்று சொன்னவர்கள் அத்தனை பேரையும் கதைக்குள் நிறுத்திவைத்துவிட்டுத்தான் அவனைக் குதிரை ஏற்றுகிறது. ராணுவத்துக்காகச் செய்த பாட்டு இதில் ஒன்றைக்கூட உள்ளே விடாது. சிப்பாயின் காதில் ‘வேண்டாம்’ என்ற சொல் விழக் கூடாது என்பதுதான் அந்தப் பாட்டின் இலக்கணம். வென்ற நவாபைக்கூடக் கதை கொடியவனாக விட்டுவிடுவதில்லை. உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக அவர் ராணிப்பேட்டையை அமைத்தார் என்ற வழக்கு அதன் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் தம் வெற்றியின் நினைவாகக் கட்டிய மசூதி கோட்டைக்குள் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பாட்டு என்று எதுவும் பிறக்கவில்லை.

தமிழில் இது புதிய வழி அல்ல. பொருநர்களில் ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என உரையாசிரியர்கள் வகை சொன்னார்கள். களம் பாடுவது அப்போதே ஒரு தொழில். புறநானூற்றில் துடி கொட்டுகிறவன் படையோடு போகிறான், அது ஏவும் இசை. அதே நூலில், புண்பட்டு வீட்டுக்கு வந்த வீரனைச் சுற்றி வேப்பிலை செருகி, மணி ஒலித்து, புகை காட்டி, காஞ்சிப்பண் பாடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அரிசில்கிழார் பாட்டு ஒன்று இதைப் படிப்படியாகச் சொல்கிறது. படையிசையின் இந்த இரண்டாம் பாதியை, காயம்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து இரவு முழுக்கப் பாடும் பாதியை, உலகத்து ராணுவ பேண்டுகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. இறுதிச் சடங்கில் ஒரு துயர மெட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. செஞ்சிப் பக்கத்துக் கூத்து அந்த இரண்டாம் பாதியைத்தான் எடுத்து விரித்திருக்கிறது.

இனி கூத்துக்குள் போகலாம். களரி கட்டியதும், அதாவது மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்து முழங்கி ஊரைக் கூட்டி முடித்ததும், இரண்டு பேர் ஒரு துணியைப் பிடிக்கிறார்கள். துணிக்குப் பின்னால் வேஷக்காரர் பாடுகிறார். ராஜா இன்னான், இப்படிப்பட்ட கிரீடம் வைத்தவன், இன்ன பலம் உள்ளவன் என்று தன்னையே படர்க்கையில் வருணித்துக்கொள்கிறார். கட்டியக்காரன் வெளியே நின்று கேலியாகக் கேள்வி கேட்கிறான். புஜக்கட்டையின் ஓரமும் கிரீடத்தின் நுனியும் துணிக்கு மேலே மின்னுகின்றன. திரை விலகும்போது அடவும் கிறிக்கி என்னும் சுழலாட்டமும் வெடிக்கின்றன. இந்த வரவுப் பகுதியில் அணிநடையின் அத்தனை சாமான்களும் இருக்கின்றன. நிறுத்தி எண்ணக்கூடிய தாளம், உச்சச் சுருதி, கூட்டுக்குரல், எல்லோரையும் நிமிர வைக்கும் வேகம். இவ்வளவுதான் கூத்து என்றால் இது ராணுவ பேண்டின் கிராமத்துத் தம்பி என்று சொல்லி முடித்துவிடலாம்.

பேண்டினால் ஒருபோதும் முடியாத ஒன்று அடுத்து வருகிறது. தாளம் நிற்கிறது, விருத்தம் தொடங்குகிறது. அணிநடையில் விருத்தத்துக்கு இடமே கிடையாது, நடந்துகொண்டிருக்கும் ஆயிரம் கால்களை நடுவழியில் அந்தரத்தில் நிறுத்த முடியாது. கூத்தில் வீரன் எப்போதெல்லாம் தனியாகிறானோ அப்போதெல்லாம் தாளம் விலகிக்கொள்கிறது. வேஷக்காரர் ஒரு ராகத்தை எடுத்து, ஒரு சொல்லைப் பிடித்து இழுத்து, மூச்சு தீரும் இடம்வரை கொண்டுபோய் விடுகிறார். ஆர்மோனியம் சுருதியை மட்டும் பிடித்துக்கொள்ள, முகவீணை கொஞ்சம் பின்னால் அதே வழியில் வருகிறது. பிறகு தரு. தாளம் மறுபடி உள்ளே வருகிறது, பின்பாட்டுக்காரர்கள் வரியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். பின்பாட்டு வேஷக்காரருக்கு மூச்சு வாங்க அவகாசம் தருகிறது என்று சொல்வார்கள், உண்மைதான். அதைவிட முக்கியமான வேலையும் அது செய்கிறது. கிரீடம் வைத்த ராஜாவின் வரியை, துண்டு போட்ட நாலு பேர் நம் குரல் போன்ற குரலில் திரும்பச் சொல்கிறார்கள். வீரம் பேசிய வரி திரும்பி வரும்போது சில இடத்தில் வியப்பாகிறது, சில இடத்தில் சந்தேகமாகிறது, சாவுக்கு அருகில் புலம்பலாகிறது. ஒரே வரிக்கு இரண்டு நிறம். நல்ல வாத்தியார் எங்கே பின்பாட்டைப் பெருக்குவது, எங்கே ஒற்றைக் குரலாக்குவது என்று தெரிந்து நடத்துவார். அவரை அளக்க நான் முதலில் கவனிப்பது அதைத்தான், கிறிக்கியின் எண்ணிக்கையை இல்லை.

கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அந்தக் கூத்து பதினேழாம் நாள் போரைப் பற்றியது. கர்ணன் அர்ச்சுனன் சண்டைக்காகக் காத்திருப்பவர், சண்டைக்கு முன்னால் பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சி முடிய நெடுநேரம் காத்திருக்க வேண்டும். உன் பிறப்பு எது, உன்னைக் கட்டியது எனக்கு இழிவு என்று ஒதுங்கி நின்ற மனைவி, அவன் சாகப்போகிறான் என்று தெரியும் இரவில் வாதாடுகிறாள். போருக்குப் போகிற ஒருவனின் சாதியும் குடும்பமும் கடனும் இத்தனையும் அந்த ஒரு காட்சிக்குள் வந்துவிடுகின்றன. பெண்வேஷம் கட்டும் நடிகர் நன்றாகப் பாடினால், விடிவதற்கு முன்னால் வரும் அம்புச் சண்டை வெறும் முடிப்பாகத்தான் தெரியும். போர்க்கூத்தின் மிகச் சிறந்த இசை போரில் இல்லாமல் வாசற்படியில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த அமைப்பு தற்செயலாக வந்திருக்க முடியாது. தேசிங்குக் கதையும் பந்தலையும் கோயிலையும் கடந்துதான் களத்துக்குப் போகிறது.

கூத்துப் பாட்டு வெறும் கத்தல், ராகத்தில் நிற்காது, சுதி சேராது என்ற புகார் பழையது. கச்சேரிக் காதோடு வந்து பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் சொல்வது அது. ராணுவ பேண்டு ஏன் பித்தளையைத் தேர்ந்தெடுத்தது என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். திறந்தவெளியில், காற்றுக்கு எதிரே, கடைசி வரிசைவரை போக வேண்டும். பேண்டு அதற்கு உலோகத்தை நம்பியது, கூத்துக்காரர் தம் மண்டையையும் மார்பையும் நம்பினார். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, கனத்த கட்டைகளைத் தோளில் சுமந்து, ஆடிக்கொண்டே, சொல் சிதையாமல் பாட வேண்டும். அதற்காக மெலிந்த கமகங்களை விட்டார்கள், எடுப்பையும் சொல்லையும் காப்பாற்றினார்கள். மோகனமும் முகாரியும் அங்கே கச்சேரி வடிவில் இருக்காது, ஆனால் முகாரி தொட்டதும் திடலில் பேச்சு அடங்கும் அளவுக்கு இருக்கும். புகாரில் ஒரு பாதி இன்று உண்மையாகிவிட்டதையும் சொல்ல வேண்டும். மேடைக்கு மேலே தொங்கும் மைக்கும், காது கிழிய வைக்கும் ஒலிபெருக்கியும் வந்த பிறகு, மைக் இல்லாத காலத்துக்கென்று உருவான குரலை அப்படியே மைக்கில் ஊற்றுகிறார்கள். முகவீணை அந்த இரைச்சலில் காணாமல் போகிறது, அதை வாசிப்பவர்களும் அருகிவிட்டார்கள். ஆர்மோனியம் மட்டும் போதும் என்று முடிவு செய்த ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், விருத்தத்தின் நிழலை இழந்துவிட்டன. இது ரசனைக் குறை என்பதைவிட ஒலியமைப்பின் குறை, திருத்தக்கூடியது.

பழக்கும் முறையைப் பார்க்கலாம். வாத்தியார் என்ற சொல்லே அவர் தொழிலின் பாதியைச் சொல்லிவிடுகிறது. ஓர் ஊர் தன் பையன்களே இந்த வருடம் நாடகம் போட வேண்டும் என்று தீர்மானித்தால் அவரைக் கூப்பிடும். அவர் மாதக்கணக்கில் மாலை வேளைகளில் வந்து, வயல்வேலை முடித்து வருகிறவர்களுக்கு வரிவரியாகப் பாடம் சொல்கிறார். முதலில் தாளம் காலில் ஏற வேண்டும், பிறகு வசனம், பிறகு தரு, கடைசியில் விருத்தம். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் கற்றுக்கொள்ளலாம், நோட்டுப்புத்தகம் வாத்தியார் கையில் இருந்தால் போதும். கூத்து நடக்கும் இரவில் அவர் பின்பாட்டில் நின்று, மறந்தவனுக்கு அடி எடுத்துக் கொடுக்கிறார். 1950-ல் பச்மரியில் தொடங்கிய ராணுவ இசைப் பயிற்சி நிலையம் நம் நாட்டு பேண்டுகளுக்குச் செய்த நன்மை பெரிது. ஆனால் அது ஒரு கிளாரினெட்காரருக்குப் பதில் இன்னொருவரை உட்கார வைத்தாலும் வித்தியாசம் தெரியாதபடி பழக்கும் வழி, படைக்கு அதுதான் வேண்டும். கூத்து வாத்தியார் எதிரே வந்து நிற்பவனின் குரலைப் பார்த்து வேஷம் பிரிக்கிறார். அடித்தொண்டைக்காரனுக்குத் துரியோதனன், எட்டிப் பிடிக்கும் குரலுக்கு அபிமன்னன், குழையும் குரலுக்குத் திரௌபதி. அரங்கேறி ஒரே ஒரு வருடம் வேஷம் கட்டியவன்கூட வாழ்நாள் முழுக்க நல்ல ரசிகனாகிவிடுகிறான். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிச் சுற்றுவட்டாரத்தில் கூத்துக்கு இன்றும் கூட்டம் சேர்வதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், தன் உடம்பால் தாளத்தை அறிந்த பழைய வேஷக்காரர்கள் திடலில் உட்கார்ந்திருப்பது இன்னொரு காரணம்.

ஊரோடு நிற்பது என்ற மூன்றாவது பகுதிக்குச் செஞ்சியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி கோயிலை இந்த வழிபாட்டின் ஆதி கோயிலாகக் கருதுகிறார்கள். செஞ்சி ராஜனுக்காக அசுரனை அழிக்கத் திரௌபதி இங்கே மறுபடி தோன்றினாள் என்பது ஐதீகம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-ல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதி செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரையிலான புராணங்களைப் பற்றியது. வெயில் காலத்தில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கி வில்லிபாரதத்தையும் நல்லாப்பிள்ளை பாரதத்தையும் பாடி விளக்குகிறார், இரவில் கூத்து. இரண்டும் வாரக்கணக்கில் சேர்ந்தே நகர்ந்து, கடைசி நாள் காலை படுகளத்தில் முடிகின்றன. மண்ணால் கட்டிப் படுக்கவைத்த பிரம்மாண்டத் துரியோதனன் மேல் பீமனும் துரியோதனனும் வேஷத்தோடு ஏறிச் சண்டையிடுகிறார்கள். திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அங்கேயும் தோற்றவனின் மனைவியின் புலம்பலுக்கு இடம் உண்டு. வெற்றி விழாவின் நடுவில் எதிரியின் வீட்டு ஒப்பாரியைப் பாட ஒரு பாடகருக்கு இடம் கொடுத்து, அதைக் கேட்டு ஊர்ப்பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள் என்றால், அந்தப் பாடகரை ஊர் எதற்காக வைத்திருக்கிறது என்பது விளங்கும்.

இங்கே எழும் மறுப்புதான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. ஊரோடு நிற்பது என்று நான் புகழ்வது, ஊருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்ததன் அழகான பெயர் இல்லையா? பறை அடிப்பதும் சாவுக்கு வாசிப்பதும் பிறப்பால் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தன. கலை கடமையானபோது கூலி பிச்சையாயிற்று. வேஷம் கலைத்தபின் ராஜாவாக ஆடியவர் எந்தத் தெருவுக்குத் திரும்பினார், எந்தத் திண்ணையில் உட்கார முடியவில்லை என்ற கேள்விகள் இருக்கின்றன. பறையைக் கீழே வைத்துவிட்டு, இனி அடிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் செய்தது முழுக்கச் சரி. பெண்கள் களரிக்குள் வரவே கூடாது என்ற வழக்கமும் இதே கட்டுப்பாட்டின் இன்னொரு முகம். இவற்றை மூடி மறைத்துவிட்டுக் கூத்தைப் புகழ்வது தகாது. ஆனால் கட்டுப்பாட்டை நீக்கியதும் கலை செத்துவிடும் என்று பயந்தவர்களின் கணிப்பு பொய்த்திருக்கிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள், பள்ளிப் படிப்போடு. புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தாரின் மன்றம் நவீன நாடகக்காரர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. சென்னையில் ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறை தொடங்க அவருக்கு உந்துதலாக இருந்தது அந்தப் புரிசைக் கூத்துதான். பிறப்புக் கடமையாக இருந்தது விரும்பி ஏற்கும் தொழிலானபோது பாட்டு மெலியவில்லை. ஊரின் பாடகராக இருக்க ஊரின் அடிமையாக இருக்க வேண்டியதில்லை.

சினிமா இதையெல்லாம் விழுங்கிவிட்டதே என்பார் ஒருவர். தேசிங்குக் கதையை எத்தனையோ பேர் திரையில்தான் கண்டிருப்பார்கள். ஆனால் சினிமா எடுத்துக்கொண்டது வரவை. குதிரை, வாள், பாய்ச்சல், நாயகனின் சிரிப்பு. இரண்டரை மணி நேரத்தில் அதற்குத்தான் நேரம் இருக்கிறது. விருத்தத்துக்கு இருட்டும் வேண்டும், அவசரமின்மையும் வேண்டும். திரையைப் பார்த்துப் பழகிய இளைஞர் கூத்தைக் கேட்க வருவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. வருகிறவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அதனால் உலகப் பட்டியலில் ஏறிய கோட்டைக்கு இனி வரப்போகும் விழாக்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். அரசு மேடைகளில் கூத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஒதுக்கி, வந்தோம் ஆடினோம் என்று முடித்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் வாத்தியார் வரவை மட்டும்தான் காட்ட முடியும். அதாவது கூத்தில் எது ராணுவ பேண்டுக்கு மிக நெருக்கமோ அதை மட்டும். பார்க்க வருகிறவர்கள் கல்லையும் கண்டு கிறிக்கியையும் கண்டு, செஞ்சியின் இசை முழுக்க வீராவேசம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். மலையடிவாரத்தில் வருடத்துக்கு ஓர் இரவு போதும். ஒலிபெருக்கியைப் பாதியாகக் குறைத்து, முகவீணை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடித்து, எந்தக் கூத்து, எவ்வளவு நேரம் என்ற தீர்மானத்தை வாத்தியாரிடமே விட்டுவிட வேண்டும். அவர் கர்ண மோட்சத்தைச் சொன்னால், வெளியூர்க்காரர்கள் குறைந்தது பொன்னுருவி பேசி முடிக்கும்வரை உட்கார வசதியாகப் பாயும் குடிதண்ணீரும் திரும்பிப் போகப் பேருந்தும் ஏற்பாடு செய்யுங்கள், அதற்குள் மணி இரண்டு ஆகியிருக்கும்.